ஆஸ்பத்திரிக்கே அண்ணி

முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடச் சீருடை தைத்தே காலத்தை ஓட்டியவளை, அறுபத்து நாலாவது வயதில் கடல் தாண்டி ஒரு ஆஸ்பத்திரி கூப்பிடும் என்று யாரும் நினைக்கவில்லை. அண்ணியும் நினைக்கவில்லை. அந்த அழைப்புக்கு மனுப் போட்டதுகூட அவள் இல்லை, அவளுடைய நாத்தனார்.

நாத்தனாருக்கு வீட்டில் பெயர் பாப்பா. அறுபத்தொரு வயதுப் பாப்பா. அண்ணன் ஆசையாகக் கூப்பிட்ட பெயர், நரை விழுந்த பிறகும் உதிராமல் நின்றுவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருடம் நர்ஸாக இருந்து, குழந்தைகள் வார்டையே விரல் நுனியில் ஆட்டிவைத்துவிட்டு ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டிலேயே இருந்தாள். அண்ணன் போன பிறகும் அவர் மனைவியும் தங்கையும் ஒரே வீட்டில், ஒரே டிவியின் முன்னால், தினம் நாலு சண்டை இரண்டு சமாதானம் என்று இருந்துகொண்டிருந்தார்கள்.

பாப்பாவோடு முன்பு வேலை பார்த்த டாக்டரம்மா ஒருவர் வெளிநாட்டில் ஒரு கிராமத்து மிஷன் ஆஸ்பத்திரியை நடத்திக்கொண்டிருந்தார். ஆறு மாதத்துக்குத் தன்னார்வலர்கள் தேவை என்று அவர் எல்லோருக்கும் எழுதியிருந்ததைப் பார்த்ததும் பாப்பா துள்ளி எழுந்தாள்.

“நான் போறேன் அண்ணி. என் கைக்கு இன்னும் ஓய்வு வரலை.”

“போ. யாரு வேண்டாம்னா? அங்க உனக்கு யாரு சமைச்சுப் போடுவா? வெந்நீர் வச்சாலே அடிப்பிடிக்க விடுறவ நீ.”

அது உண்மைதான் என்பதால், மனுவில் கூட வரும் ஆள் என்ற இடத்தில் பாப்பா அண்ணியைப் போட்டாள். அந்த ஆளின் தொழில் என்ன என்று ஒரு கட்டம் இருந்தது. சும்மா விடக்கூடாதே என்று ‘தையல்’ என்று எழுதினாள்.

பத்து நாளில் பதில் வந்தது. முதல் இரண்டு பத்தியும் தையல்காரம்மாவைப் பற்றி. ஆஸ்பத்திரித் தையல்காரர் வேலையை விட்டுப்போய் எட்டு மாதம் ஆகிறது, ஆபரேஷன் அறைத் துணியெல்லாம் கந்தலாகத் தொங்குகிறது, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அனுப்பி வை, நல்ல கத்தரிக்கோல் இரண்டு கொண்டுவரச் சொல். கடைசியில் ஒரே ஒரு வரி: நீயும் வரலாம்.

“‘வரலாம்’னு போட்டிருக்காங்க பாருங்க அண்ணி,” என்றாள் பாப்பா. “வரலாமாம்!”

மூன்று நாள் அவள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தாள்.

விமானத்திலிருந்து இறங்கி ஒரு ஜீப்பில் ஏழு மணி நேரம் போனார்கள். பாதி வழியிலேயே தார் ரோடு முடிந்துவிட்டது. அண்ணியின் இடுப்பெலும்பு எல்லாம் இடம் மாறிவிட்டது போலிருந்தது. ஆஸ்பத்திரி என்பது ஒரு மேட்டில், தகரக் கூரை போட்ட ஆறு நீளக் கட்டடங்கள். நடுவில் ஒரு மணிக்கூண்டு. ஓரத்தில் தன்னார்வலர்களுக்கு ஒரு சின்ன வீடு. இரண்டு கட்டில், ஒரு மேஜை, ஒற்றை பர்னர் அடுப்பு, கொல்லைப் பக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டி. மழை பெய்தால் தகரத்தில் விழும் சத்தத்தில் பக்கத்திலிருப்பவர் பேசுவது கேட்காது. சண்டை போட வசதியான வீடு என்று அண்ணி நினைத்துக்கொண்டாள்.

காலை ஆறுக்கு மணி அடிக்கும். ஆறரைக்குள் கஞ்சியும் டீயும் முடிந்துவிட வேண்டும். ஏழு மணிக்குப் பாப்பா வெள்ளைச் சீருடையை விறைப்பாக இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு குழந்தைகள் வார்டுக்குப் போவாள். அண்ணி கத்தரிக்கோலையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு சலவை அறைக்குப் பக்கத்திலிருந்த தையல் அறைக்குப் போவாள்.

தையல் அறையில் மூன்று மிஷின்கள் இருந்தன. ஒன்றுக்கு பெல்ட் இல்லை. ஒன்றில் எலி குடும்பம் நடத்தியிருந்தது. மூன்றாவது நன்றாக ஓடியது. ஆனால் ஓடும்போது ஊரையே கூட்டியது. அண்ணி முதல் வாரம் முழுக்கத் துணி தைக்கவே இல்லை. மிஷின்களைப் பிரித்துப் போட்டு, துடைத்து, எண்ணெய் விட்டு, பெல்ட்டுக்குப் பதில் பழைய ரப்பர் குழாயை வெட்டிப் போட்டு, இரண்டைப் பிழைக்க வைத்தாள்.

அதன் பிறகுதான் துணி மூட்டையைப் பிரித்தாள். அப்போதுதான் கோபம் வந்தது. ஆபரேஷன் கவுன்களில் யாரோ எலாஸ்டிக் வைத்துத் தைத்திருந்தார்கள். கிருமி சாக ஆவிப்பெட்டியில் வேகவைக்க வேண்டிய துணியில் எலாஸ்டிக்கா? இரண்டு தடவை உள்ளே போய் வந்ததும் அது சேமியா மாதிரி நைந்துபோயிருந்தது. எல்லாவற்றையும் பிரித்துவிட்டு நாடா வைத்தாள். புதுத் துணியை வெட்டுவதற்கு முன் துவைத்துத் தரச் சொல்லி சலவை அறைக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

சலவைக்காரர் ஆறடிக்கு மேல் உயரம். அண்ணி மனதுக்குள் அவருக்கு நெட்டையர் என்று பெயர் வைத்துவிட்டாள். அழுக்குத் துணியைத் துவைத்தே பழகியவர், கடையிலிருந்து வந்த புதுத் துணியைத் துவைக்கச் சொல்லும் கிழவியைப் பார்த்து விழித்தார். அண்ணிக்கு அவர் மொழி தெரியாது. அவருக்கு இவள் மொழி தெரியாது. அண்ணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“சுருங்கும்ப்பா. சுருங்கும்,” என்று இரண்டு கையையும் விரித்து, பிறகு ஒடுக்கிக் காட்டினாள். “தச்ச பிறகு சுருங்கினா டாக்டரு கை இங்க நிக்கும்.” முழங்கையைத் தட்டினாள்.

நெட்டையர் சத்தம் போட்டுச் சிரித்தார். துணியை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து அண்ணி தமிழில் பேச, அவர் தன் மொழியில் பேச, ஒரு நாளும் தகராறு வந்ததில்லை. ஒரே மொழி பேசும் நாத்தனாரோடுதான் தகராறு.

பாப்பா வளாகத்தின் எந்த மூலையிலிருந்தாலும் “அண்ணீ!” என்று கத்திக் கூப்பிடுவாள். கேட்டவர்கள் அதுதான் அவள் பெயர் என்று முடிவு கட்டிவிட்டார்கள். முதலில் நெட்டையர் “அண்ணி” என்றார். பிறகு சமையல்காரர், பிறகு நர்ஸுகள், வாட்ச்மேன், கடைசியில் மருந்து இறக்க வரும் லாரி டிரைவர் வரை. டாக்டரம்மாவுக்கு அர்த்தம் தெரியும். இருந்தும் அவரும் அப்படியே கூப்பிட்டார்.

“ஒரே கல்யாணத்துல இத்தனை நாத்தனார், இத்தனை கொழுந்தன். எங்க மாமியார் கூட இவ்வளவு பேரைப் பெக்கலை,” என்று அண்ணி டாக்டரம்மாவிடம் சொல்ல, அவர் ரவுண்ட்ஸுக்குப் போகிற வழியிலெல்லாம் சிரித்துக்கொண்டே போனார்.

மாலையில் இருவரும் வீட்டு வாசல் படியில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அப்போது பாப்பா வார்டுக் கதைகளை அவிழ்ப்பாள். இன்று இத்தனை குழந்தைகளுக்கு ஊசி போட்டேன், ஒரு டாக்டருக்கே சந்தேகம் வந்து என்னிடம் கேட்டார், இங்கே இருக்கிற சின்னப் பெண்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அண்ணி ம் கொட்டுவாள். சில நாள் டீயில் சர்க்கரைக்குப் பதில் பாப்பா உப்பைப் போட்டுக் கொண்டுவருவாள். “இங்க லைட்டே சரியில்ல அண்ணி,” என்பாள்.

இரண்டாவது மாதக் கடைசியில் ஒரு நாள் குழந்தைகள் வார்டுக்கான போர்வைகளைத் தைத்து முடித்துவிட்டு, அண்ணியே தூக்கிக்கொண்டு போனாள். வார்டில் பாப்பாவைக் காணவில்லை. அங்கே இருந்த சின்ன நர்ஸ், இருபத்துநாலு வயதுப் பெண், உதட்டைக் கடித்துக்கொண்டு பின்பக்கம் கை காட்டினாள்.

பின்பக்கம் பண்டகசாலை. ஜன்னலோரம் ஒரு ஸ்டூலில் பாப்பா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பெரிய தட்டு. பஞ்சுத்துணியைச் சதுரம் சதுரமாக மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். சீருடையின் இஸ்திரி கலையவில்லை. காலையிலிருந்து அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

அண்ணி வாசலில் நின்றாள். கூப்பிடலாமா என்று வாயெடுத்தாள். பிறகு போர்வைகளைச் சின்ன நர்ஸிடம் கொடுத்துவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் திரும்பி வந்தாள்.

அன்று மாலையும் பாப்பா கதை சொன்னாள். ஒரு குழந்தைக்கு நரம்பே கிடைக்கவில்லையாம், மூன்று பேர் முயன்று தோற்றார்களாம், கடைசியில் இவள்தான் ஒரே குத்தில் கண்டுபிடித்தாளாம். அண்ணி மிச்ச டீயைச் செடியில் கொட்டினாள். முப்பத்தைந்து வருடம் ஒரே வீட்டில் இருந்து, பாப்பா பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை. மூஞ்சிக்கு நேரே உண்மையைச் சொல்லி அடுத்தவரை அழவைப்பதுதான் அவள் வழக்கம்.

மறுநாள் மாலை அண்ணி தைத்துக்கொண்டிருந்த ஒரு துணியையும் ஊசியையும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வெளிச்சம் நன்றாக இருந்தது. படியில் உட்கார்ந்து, ஊசியையும் நூலையும் நாத்தனாரிடம் நீட்டினாள்.

“இத கொஞ்சம் கோத்துக் குடு.”

“நீங்களே கோக்க வேண்டியதுதானே? டைலரு நீங்களா நானா?”

“கை வலிக்குது. கோத்துக் குடுன்னா குடேன்.”

பாப்பா நூலை நாக்கில் ஈரப்படுத்திக் கூராக்கினாள். ஊசிக்கு இடப்பக்கம் நுழைத்தாள். வலப்பக்கம் நுழைத்தாள். ஊசியைத் தூரமாக வைத்துப் பார்த்தாள், கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, பாப்பா ஊசியை மடியில் வைத்துவிட்டாள்.

“எல்லாம் புகை மூட்டமா இருக்கு அண்ணி,” என்றாள் மெதுவாக.

“எத்தனை நாளா?”

“ஊர்லயே கொஞ்சம் இருந்தது. கண்ணாடி மாத்தினா சரியாயிடும்னு நெனச்சேன்.” நூலை விரலில் சுற்றினாள். பிறகு கொட்டிவிட்டாள். “வந்த மூணாவது வாரம். ரெண்டு வயசுக் குழந்தை. மூணு தடவை குத்தினேன் அண்ணி. மூணு தடவையும் தப்பு. அது என்னையே பார்த்துக்கிட்டு அழுதது. அதோட அம்மா என் முகத்தையே பார்த்தா. அப்புறம் அந்தச் சின்னப் பொண்ணு வந்து ஒரே குத்துல முடிச்சுட்டுப் போயிட்டா. நானே போய் டாக்டரம்மாகிட்ட சொன்னேன், எனக்கு ஸ்டோர் வேலை போதும்னு. முட்டி வலின்னு சொன்னேன்.”

“எங்கிட்டயும் கதை சொன்னியே.”

“உங்ககிட்ட எப்படிச் சொல்றது? உங்களுக்கு ரெண்டு பத்தி எழுதினாங்க. எனக்கு ஒரு வரி.”

அண்ணிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதையும் காட்டிக்கொள்ளாமல் மடியிலிருந்த துணியைத் தூக்கிப் பிடித்தாள். பச்சைத் துணி, நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை. “இது என்னன்னு தெரியுதா? கண் ஆபரேஷன் பண்றப்ப முகத்துல போடுற துணி. அடுத்த வாரம் கண் டாக்டர் வராராம், நாப்பது பேருக்குப் பண்ணப் போறாராம். அம்பது துணி தச்சாச்சு. அதுல ஒண்ணு உனக்கு.”

“நான் வேலை பார்க்க வந்தவ. பெட்ல படுக்க வரலை.”

“இங்க வர்ற அத்தனை பேரையும் படு படுன்னு சொல்றியே, உனக்கு மட்டும் என்ன?”

“ஊருக்குப் போய்ப் பண்ணிக்கறேன்.”

“ஊருக்குப் போற வரைக்கும் எனக்கு உப்பு டீ போட்டுக் குடுப்பியா?”

சண்டை இரண்டு நாள் நடந்தது. மழையும் பெய்ததால் இருவருமே கத்திப் பேச வேண்டியிருந்தது. அரை ஆஸ்பத்திரிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. டாக்டரம்மாவே வந்து, டார்ச் அடித்துப் பாப்பாவின் கண்ணைப் பார்த்தார். “நல்லா பழுத்த புரை. நர்ஸா இருந்துக்கிட்டு இதை என்கிட்ட மறைச்சியா நீ?” என்று திட்டினார். அண்ணி திட்டினால் எதிர்த்துப் பேசும் பாப்பா, டாக்டர் திட்டியதும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

கண் டாக்டர் வந்த அன்று காலை ஐந்து மணிக்கே வராந்தா பெஞ்சுகள் நிறைந்துவிட்டன. நாலு மலை தாண்டி நடந்து வந்தவர்கள், கழுதை மேல் வந்தவர்கள், பேரன் கையைப் பிடித்து வந்தவர்கள். எல்லோருக்கும் நெற்றியில் ஒரு பிளாஸ்டர் ஒட்டி, எந்தக் கண் என்று அம்புக்குறி போட்டிருந்தார்கள். அந்த வரிசையில் பதினேழாவது ஆளாகப் பாப்பா உட்கார்ந்திருந்தாள், அவள் நெற்றியிலும் ஒரு அம்புக்குறி. பக்கத்திலிருந்த கிழவர் அவளிடம் என்னவோ கேட்டார். புரியாவிட்டாலும் பாப்பா “பயப்படாதீங்க, வலிக்காது” என்று அவர் முழங்காலைத் தட்டினாள். பிறகு தன் நெற்றி அம்புக்குறியை மறுபடி தடவிப் பார்த்தாள்.

அண்ணி வெளியே நின்றாள். அவளுக்கு ஒரே கவலை. ஓட்டையின் ஓரத்தை மடித்து இரட்டைத் தையல் போட்டிருந்தாள். ஆனால் ஐம்பதில் ஏதாவது ஒன்றில் நூல் பிசிறு விட்டிருந்தால்? திறந்திருக்கும் கண்ணில் அது விழுந்தால்? ஒவ்வொன்றையும் நேற்று இரண்டு தடவை பார்த்தாகிவிட்டது. இருந்தும் அந்த அரை மணி நேரம், தான் தைத்த ஐம்பது துணியையும் மனதுக்குள் மறுபடி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாப்பாவைப் போல மோசமான நோயாளியை அந்த ஆஸ்பத்திரி அதற்கு முன் பார்த்திருக்காது. குனியாதே என்றால் குனிந்தாள். தேய்க்காதே என்றால் கட்டுக்கு மேலேயே தொட்டுப் பார்த்தாள். பக்கத்துப் படுக்கைக்காரிக்குத் தலையணை சரியில்லை என்று எழுந்து போனாள். சொட்டு மருந்து விட வந்த சின்ன நர்ஸிடம் கையைக் கழுவினாயா என்று சைகையில் கேட்டாள். அந்தப் பெண் ஈரமாக இருந்த இரண்டு கையையும் அவள் மூக்குக்கு நேரே நீட்டி, சோப்பு வாசனையைக் காட்டிவிட்டுத்தான் மருந்தை விட்டாள்.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். பாப்பா கண்ணைச் சிமிட்டினாள். சுவரைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், கூரையில் இருந்த துரு ஓட்டையைப் பார்த்தாள். பிறகு எதிரே நின்ற அண்ணியை வெகுநேரம் பார்த்தாள்.

“என்ன அண்ணி, இப்படிக் கிழவியாயிட்டீங்க?”

“நீ மட்டும் என்ன? கண்ணாடியப் பாரு போ.”

பாப்பா கண்ணாடி பார்த்தாள். அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.

இரண்டு வாரம் கழித்து வார்டுக்குத் திரும்பிப் போனாள். அந்த வாரமே, அவள் மூன்று தடவை குத்திய குழந்தை மறுபடியும் காய்ச்சலோடு வந்து சேர்ந்தது. வாசலில் பாப்பாவின் வெள்ளைச் சீருடையைப் பார்த்ததுமே அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டது. பாப்பா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டு, திரும்பி நேராகத் தையல் அறைக்கு வந்தாள்.

“மறக்கலை அண்ணி. ரெண்டு வயசு. மறக்கவே இல்லை.”

அண்ணி மிஷினை நிறுத்தினாள். மூலையில் விருந்தினர் அறைத் திரைச்சீலைக்கு வாங்கி மிஞ்சிய துணி கிடந்தது. மஞ்சளில் பெரிய பெரிய சிவப்புப் பூ. அதை உதறி நாத்தனாரின் தோளில் வைத்து அளவு பார்த்தாள். “அசையாம நில்லு.” இருபது நிமிடத்தில் கழுத்திலிருந்து முழங்கால் வரை ஒரு மேலங்கி தயாரானது. முன்னால் பெரிய பை. அதில் ஒரு நூல் கண்டின் காலிக் கட்டையைப் போட்டாள்.

“இதப் போட்டுக்கிட்டா நான் நர்ஸ் மாதிரியா இருக்கேன்? ஜன்னல் மாதிரி இருக்கேன்.”

“ஜன்னலைப் பார்த்து எந்தக் குழந்தையும் அழாது. போ.”

குழந்தை அழவில்லை. பூவைப் பார்த்தது. பையில் உருளும் கட்டையைப் பார்த்தது. முகத்தைப் பார்க்க நேரமில்லை அதற்கு. கட்டையை எடுக்கப் பைக்குள் கையை விட்டபோது பாப்பா அந்தக் கையை மெல்லத் தன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். நரம்பு பச்சையாக, தெளிவாக, நூல் மாதிரி அவளுக்குத் தெரிந்தது. பக்கத்தில் சின்ன நர்ஸ் ஊசியை நீட்டி, நீங்களே போடுங்கள் என்பது போலப் பார்த்தாள்.

பாப்பா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். “நீ குத்து. நான் பிடிச்சுக்கறேன்.”

சின்ன நர்ஸுக்கு வார்த்தை புரியவில்லை, விஷயம் புரிந்தது. முதல் குத்திலேயே முடிந்தது. குழந்தை ஒரு தடவை சிணுங்கிவிட்டுக் கட்டையை வாயில் வைத்துக்கொண்டது. வாசல் பக்கம் நின்று எட்டிப்பார்த்துக்கொண்டிருந்த அண்ணி, தனக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்பதற்கு முன் நகர்ந்துவிட்டாள்.

அதன் பிறகு வார்டில் அது வழக்கமாகிவிட்டது. பாப்பா பிடிப்பாள், சின்ன நர்ஸ் குத்துவாள். மற்ற நர்ஸுகள் ஒவ்வொருவராகத் தையல் அறைக்கு வந்து, பூத்துணியைக் காட்டி, தங்கள் தோளைத் தட்டிக் காட்டினார்கள். விருந்தினர் அறைக்குத் திரைச்சீலையே இல்லாமல் போனது. டாக்டரம்மா கேட்டபோது, விருந்தாளிகள் வெளியே பார்க்கட்டுமே என்றாள் அண்ணி. அடுத்த கண் முகாமில் பாப்பாவுக்கு இன்னொரு கண்ணும் ஆனது. அந்தத் தடவை அவள் ஒழுங்கான நோயாளியாக இருந்தாள் என்று சொன்னால் அது பொய்.

ஆறு மாதம் முடிய எட்டு நாள் இருக்கும்போது அண்ணியின் மகன் ஃபோன் செய்தான். அண்ணி தையல் அறையிலேயே மிஷின் மேல் ஃபோனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பேசினாள். பாப்பா நாடா வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சலவை அறையில் நெட்டையர் பாடிக்கொண்டே துணி பிழிந்துகொண்டிருந்தார்.

“அம்மா, டிக்கெட் போட்டுடவா? அத்தைக்கும் சேர்த்து?”

அண்ணி நாத்தனாரைப் பார்த்தாள். பாப்பா அவசரமாகக் குனிந்து நாடாவை அளந்தாள். அண்ணி அதையும் பார்த்தாள்.

“இப்ப வேண்டாண்டா. இன்னும் நாப்பது கவுன் பாக்கி இருக்கு.”

“நாப்பது கவுனா? அதுக்கு எத்தனை நாள் ஆகும்?”

“ஒரு வருஷம் ஆகும்னு சொல்லுங்க,” என்றாள் பாப்பா, தலையை நிமிர்த்தாமலே.

“ஒரு வருஷம் ஆகுமாம்ப்பா,” என்றாள் அண்ணி. “உங்க அத்தை நாடாவைக் கோணலா வெட்டுறா. பிரிச்சுப் பிரிச்சுத் தைக்க வேண்டியிருக்கு.”